இரண்டாவது வாய்ப்பு யாருக்கு? – திரையுலக வாரிசுகள் பற்றி ஒரு வரலாற்றுப் பார்வை

தோப்பும்படியில் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி ஒரு சாயாக்கடை உண்டு. ஞாயிறு மாலை நம் சங்கத்து நண்பர்கள் நாலைந்து பேர் அங்கே கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் சினிமாவில்தான் வந்து நிற்கும். அண்மையில் ஒரு நண்பர், "அப்பா நடிகர், மகன் நடிகர், நாளைக்குப் பேரனும் நடிகர். மத்தவங்க வீட்டுப் பிள்ளை எங்கே போவான்?" என்று கேட்டார். "டாக்டர் மகன் டாக்டராகலாம், நடிகர் மகன் நடிகராகக் கூடாதோ?" என்று மடக்கினார் இன்னொருவர். சாயா ஆறியது, வழக்கு தீரவில்லை. அந்த வழக்கை வரலாற்றின் முன் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் படத்திலேயே மகன்

மலையாளத் திரையுலகின் தந்தை எனப் போற்றப்படும் ஜே.சி. டேனியல், இன்றைய குமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்தவர். நிலத்தை விற்று அவர் எடுத்த ஊமைப்படம் 'விகதகுமாரன்' திருவனந்தபுரம் கேப்பிடல் அரங்கில் திரையிடப்பட்டது. 1928 என்பர் சிலர்; 1930 என்பர் சிலர். கதாநாயகன் அவரே. சிறுவனாக நடித்தவர் அவருடைய மகன் சுந்தர். ஆக, கேரளத்தில் வாரிசு முதல் படத்திலேயே வந்தாயிற்று!

கதாநாயகி பி.கே. ரோசி தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பெண். அவர் நாயர் பெண்ணாக நடித்ததைப் பொறுக்காத கூட்டம் அரங்கில் கல்லெறிந்தது. ஊரைவிட்டே ஓடிய ரோசி, தமிழ்நாட்டில் நாகர்கோவில் பக்கம் வாழ்ந்து மறைந்தார் என்பர். அவருக்கு இரண்டாவது படம் கிடையாது. டேனியலுக்கும் கிடையாது. கையிலிருந்ததை இழந்து பல் மருத்துவராகப் பிழைத்து, 1975இல் காலமானார். கேரள அரசு அவர் பெயரால் விருது வழங்கத் தொடங்கியது 1992இல்தான்.

பாய்ஸ் கம்பெனி என்னும் கதவு

தமிழ் நாடக மேடையிலும் குடும்பத் தொடர்ச்சி இருந்தது. டி.கே.எஸ். சகோதரர்களின் தந்தை கண்ணுசாமிப் பிள்ளையே நடிகர்தான். ஆனால் அங்கே வேறொரு கதவும் இருந்தது. 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். இப்படிப்பட்ட பாலர் குழுக்களில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் பாட்டும் வசனப் பாடமும் கிடைத்தன. பிள்ளைகள் பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல. பெண் பிள்ளைகளுக்கு அந்தக் கதவும் திறக்கவில்லை. ஆனாலும் ஒரு நன்மை இருந்தது. இன்று வசனம் மறந்தவன் வாத்தியாரிடம் அடி வாங்குவான். நாளைக்கு மறுபடியும் மேடை ஏறுவான்.

தந்தையை இழந்த எம்.ஜி.ஆர். இந்த வழியாகத்தான் வந்தார். 'சதி லீலாவதி' 1936இல் வந்தது. கதாநாயகனாக 'ராஜகுமாரி' வந்தது 1947இல். பதினோரு வருஷம் சின்னச் சின்ன வேஷம்! சிவாஜியும் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவரே.

நம் கொச்சியின் கலாபவன்

பாய்ஸ் கம்பெனிகள் மறைந்த பிறகு, அதுபோன்ற ஒரு கதவு நம் கொச்சியிலேயே திறந்தது. 1969இல் ஆபேல் பாதிரியார் நிறுவிய கலாபவன், 1980களில் மிமிக்ஸ் பரேடு நிகழ்ச்சியால் புகழ்பெற்றது. சித்திக்-லால் இரட்டையர் அங்கிருந்து வந்து 1989இல் 'ராம்ஜி ராவ் ஸ்பீக்கிங்' எடுத்தார்கள். சாலக்குடியில் ஆட்டோ ஓட்டிய மணி, 'கலாபவன் மணி' ஆனார். பெரும்பாவூர்த் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ஜெயராமும் அங்கே பலகுரல் பேசித்தான் 1988இல் 'அபரன்' படத்துக்கு வந்தார். அவருடைய மகன் காளிதாஸோ குழந்தையாக இருந்தபோதே திரையில் தோன்றி, 2003ஆம் ஆண்டுப் படம் ஒன்றுக்காகத் தேசிய விருதும் பெற்றார். திறமை இரண்டு பேருக்கும் உண்டு. வந்த வழிதான் வேறு.

வாரிசுக்கு உண்மையில் கிடைப்பது

வாரிசுக்குக் கிடைப்பது முதல் வாய்ப்பு என்று நாம் எண்ணுகிறோம். அதைவிடப் பெரிது இரண்டாவது வாய்ப்பு. விஜய் கதாநாயகனான 'நாளைய தீர்ப்பு' (1992) சரியாக ஓடவில்லை. இயக்கியவர் தந்தை எஸ்.ஏ. சந்திரசேகர். அடுத்தடுத்த படங்களையும் தந்தையே எடுத்தார். 1996இல் விக்ரமனின் 'பூவே உனக்காக' வரும்வரை அந்த நிழல் இருந்தது. இயக்குநர் பாசில் தம் மகன் பகத்தை 2002இல் அறிமுகம் செய்த படம் தோற்றது. ஏழு வருஷம் கழித்துத் திரும்பி வந்த பகத், 2013இல் 'அன்னயும் ரசூலும்' படத்தில் நம் மட்டாஞ்சேரிக்காரராகவே வாழ்ந்து காட்டினார். அவர் பெரிய நடிகர். அதில் எனக்குச் சந்தேகமில்லை. முதல் படத்தில் தோற்று, திரும்பி வர வழியில்லாமல் போன பெரிய நடிகர்கள் எத்தனை பேரோ, அதுதான் நமக்குத் தெரியாது.

நம் மேடை

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். சில வருஷங்களுக்கு முன் நம் பொங்கல் விழாச் சிறுவர் நாடகத்தை நான்தான் நடத்தினேன். என் மகன் நடு மேடையில் வசனம் மறந்து நின்றான். "குழந்தைதானே, அடுத்த தடவை நல்லா செய்வான்" என்று மறு வருஷமும் அவனுக்கே வேஷம் கொடுத்தேன், நன்றாகவே செய்தான். அன்று வசனம் மறந்த இன்னொரு பையன், ஃபோர்ட் கொச்சி வெளியில் உள்ள டோபிகானாவிலிருந்து வந்தவன். மறு வருஷம் பட்டியல் போட்டபோது அவன் பெயர் என் நினைவுக்கே வரவில்லை. அவனை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

பின்னொரு நாள் பஸ்ஸில் அவன் அப்பாவைப் பார்த்தேன். "அந்த வசனத்தை இப்பவும் வீட்டுல சொல்லிக்கிட்டே இருக்கான் சார்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் முகம் கொடுக்க முடியவில்லை.

சென்னையில் யார் மகன் நடிக்கிறான் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. தோப்பும்படியில் தீர்மானிக்கலாம். வருகிற பொங்கல் நாடகத்துக்குப் பட்டியல் போடும்போது, போன தடவை வசனம் மறந்த பிள்ளைகளை முதலில் கூப்பிடுவோம் என்று செயற்குழுவை வேண்டுகிறேன். அந்தப் பையன் இப்போது வளர்ந்துவிட்டான். ஆனால் அவனுக்குத் தங்கை ஒருத்தி இருக்கிறாள்.