பூ தேயாத டயர்

சனிக்கிழமை காலையில் சாலாக் செலாத்தான் பக்கம் டயர்க் கடை வாசலில் காத்திருப்பவர்களின் முகத்தைப் பார்த்தாலே தெரியும், உள்ளே சம்பளக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஜாக்கில் ஏறிய மைவி கார் முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றிக் கொடுத்துவிட்டு அந்தரத்தில் நிற்கும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: “தவுக்கே, எது ரொம்ப நாள் தாங்கும்?” தமிழில் யோசித்து மலாயில் கேட்பார். கடைக்காரர் சீனத்தில் யோசித்து மலாயில் மூன்று விலை சொல்வார்.

டயரின் மேல்பரப்பில் வெட்டப்பட்டிருக்கும் வரிப்பள்ளங்களை மலாயில் ‘புங்கா’ என்பார்கள். பூ என்று பொருள். பூ தேய்ந்து போனால் டயர் ‘போத்தாக்’, அதாவது மொட்டை. பூவின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால் சட்டப்படி அது ஓடத் தகாத டயர். அந்தப் பூ சீக்கிரம் வாடாமல் இருக்க என்ன செய்வது என்று உலகம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மண்டையை உடைத்துக்கொண்டது. அந்தக் கதையில் பாதி கிள்ளான் பள்ளத்தாக்கு வழியாகப் போகிறது என்பது நாற்காலியில் காத்திருப்பவருக்குத் தெரியாது. அவருடைய பாட்டிக்கு ஓரளவு தெரிந்திருக்கும்.

1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை சில ஆயிரம்தான். பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன, அவற்றில் சில பேராக்கின் கோல கங்சாரில் ஊன்றப்பட்டன. அடுத்த இருபது ஆண்டுகள் அவற்றைச் சீண்ட ஆளில்லை. தோட்டக்காரர்கள் காப்பியில் பணம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் தலைவர் ரிட்லி பையில் ரப்பர் விதைகளோடு அலைந்து, நடுங்கள் நடுங்கள் என்று பார்ப்பவரையெல்லாம் கெஞ்சியதில் அவருக்குப் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்ற பட்டம்தான் கிடைத்தது. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தியவர் அவரே. காப்பி விலை விழுந்த 1890களின் நடுவில், மலாக்காவில் டான் சாய் யானும், சாலாக் செலாத்தானுக்குத் தெற்கே காஜாங்கின் இன்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்களும் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டார்கள்.

நேரம் அவர்கள் பக்கம் இருந்தது. 1888இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த குழாயைச் சுற்றியிருந்தார். 1895இல் மிஷலின் சகோதரர்கள் அதைக் காரில் மாட்டிப் பாரிஸ் - போர்தோ பந்தயத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். வழிநெடுகப் பஞ்சர். ஆனாலும் கட்டைச் சக்கரத்தின் காலம் முடிந்தது என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. 1910இல் ரப்பர் விலை இறக்கை கட்டிப் பறந்தபோது சிலாங்கூரில் காடு அழிந்து பால்மரம் நிரை நிரையாக எழுந்தது. வெட்டுவதற்கு ஆள் தேவைப்பட்டது. கங்காணிகள் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். கூலிகளைக் கொண்டுவரும் செலவுக்கென்று தோட்டங்களிடம் வரி வசூலித்துத் தனி நிதியே 1907இல் தொடங்கப்பட்டது.

அந்நாளைய டயர் எவ்வளவு நாள் தாங்கியது? சில ஆயிரம் மைல், அதிர்ஷ்டம் இருந்தால். டயர் கறுப்பாகக்கூட இருக்கவில்லை. துத்தநாக ஆக்சைடு கலந்து வெளிறிய நிறத்தில் இருந்தது. 1910களில் புகைக்கரியைக் கலந்தபோதுதான் டயர் கறுத்தது, கூடவே தேய்மானமும் பெருமளவு குறைந்தது. புகைக்கரி நிறத்துக்காகச் சேர்ந்ததல்ல. அதன் நுண்துகள்கள் ரப்பரின் இழைகளை இறுகப் பிடித்துக்கொள்வதால் சாலை அதைச் சுரண்டி எடுப்பது கடினமாகிறது. உள்ளே இருந்த கான்வாஸ் துணியும் மாறியது. குறுக்கும் நெடுக்குமாக நெய்த நூல்கள் ஒன்றையொன்று உரசிச் சூடாகி அறுந்தன. நூல்களை ஒரே திசையில் அடுக்கியதும் உரசல் அடங்கியது. 1922 முதல் 1928 வரை லண்டன் அரசு மலாயா, இலங்கை ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையை ஏற்றியபோது அமெரிக்கர் கொதித்தார்கள். பழைய டயரை அரைத்து ரப்பரை மீட்டார்கள், இருந்த டயரை ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். சிக்கனம் பிறந்தது கோபத்தில்.

மரத்தின் பக்கமும் ஆராய்ச்சி நடந்தது. 1925இல் சட்டம் இயற்றி ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது, அதன் சோதனைத் தோட்டம் சுங்கை பூலோவில். அங்கே ஒட்டுக்கட்டி உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ரகங்கள் பழைய விதைமரங்களைவிடப் பல மடங்கு பால் கொடுத்தன. இன்றைய கார் டயர் ஒன்பது கிலோ அளவில் இருக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு இயற்கை ரப்பர் என்று வைத்துக்கொண்டால் நான்கு டயருக்கு ஏழு கிலோவைத் தொடும். நல்ல ரக மரம் ஒன்று ஆண்டுக்கு மூன்றரை, நான்கு கிலோ உலர்ந்த ரப்பர் தரும். ஆக ஒரு மைவியின் காலடியில் இரண்டு மரங்களின் ஒரு வருடப் பால் இருக்கிறது. தோராயக் கணக்குதான்.

அந்தப் பால் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். விடியுமுன் பெரட்டுக் களத்தில் வரிசை நிற்க வேண்டும், கிராணி பெயர் கூப்பிடுவார். பிறகு உளியோடு நிரைக்குள் நுழைந்தால் ஆளுக்கு முந்நூறு, நானூறு மரம். வெயில் ஏறினால் பால் உறைந்து நின்றுவிடும், அதனால்தான் அந்த அவசரம். மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிச் சுமந்து நிறுவைக்குக் கொண்டுபோக வேண்டும். மழை பெய்தால் வெட்டும் இல்லை, கூலியும் இல்லை. மரப்பட்டையில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலைக்கூடப் பிய்த்துக் கணக்குக் காட்ட வேண்டும். ஸ்டோரில் பாலை உறையவைத்து, ரோலரில் அழுத்திப் புகையில் காயவைத்த சீட்டு, கிள்ளான் ஆற்று முகத்தில் 1901இல் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் வழியாகக் கப்பலேறியது. வெளிநாட்டில் அது டயராகிப் பெட்டிக்குள் திரும்பி வந்து துரையின் காரில் ஏறியது.

தொழிலாளிக்கு? 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலைப் படித்தால் விடை கிடைக்கிறது. ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் பட்டியல் அது. சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, சரியான மருத்துவம், கள்ளுக்கடை மூடல், பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துதல் என்று எழுதிக்கொண்டே வந்தவர்கள் அதில் இன்னொன்றையும் சேர்த்திருந்தார்கள். துரையோ மேலதிகாரியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டியதில்லை என்று ஆக வேண்டும்.

உலகத்தின் சக்கரங்களுக்கு ரப்பர் வெட்டிக் கொடுத்தவன் தன் இரண்டு சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்க அனுமதி கேட்டான். மலாயா டயர் வரலாற்றில் இதைவிடக் கனமான வரி வேறில்லை. ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலும் அது இடம்பெற்றிருக்காது. மே மாதம் நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். தோட்டங்கள் கொந்தளித்தன, ராணுவம் இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டார்கள்.

ஏழு மாதம் கழித்து ஜப்பானியர் வந்தார்கள். சைக்கிளில்தான் வந்தார்கள். டிசம்பர் 8 அன்று கரையிறங்கிய படையின் பல பிரிவுகள் சைக்கிள் மிதித்தே தீபகற்பத்தின் நல்ல தார்ச்சாலைகளில் தெற்கே இறங்கின. வெயிலில் டயர் வெடித்தால் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மில் ஓட்டினார்கள். இரவில் அந்த உலோகச் சத்தத்தை டாங்கி என்று எண்ணிப் பிரிட்டிஷ் தரப்பு பின்வாங்கிய கதைகள் போர்க் குறிப்புகளில் இருக்கின்றன. 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் விழுந்தது. இறங்கி நிற்கச் சொன்ன துரைகள் சிறைமுகாமுக்குப் போனார்கள். தொழிலாளியின் பாடு அதனால் தேறிவிடவில்லை. ஆயிரமாயிரம் தோட்டத் தமிழர்கள் சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். வாங்க ஆளில்லாத ரப்பரைக் காய்ச்சி எண்ணெய் எடுத்து வண்டி ஓட்டிய காலம் அது.

தன் இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கை இழந்த அமெரிக்கா அந்த ஜனவரியிலேயே டயருக்கு ரேஷன் போட்டது. பிறகு நாடு முழுக்க மணிக்கு 35 மைலுக்கு மேல் ஓட்டாதே என்றது. மிச்சப்படுத்த நினைத்தது பெட்ரோலைவிட டயரை. பெட்ரோலியத்திலிருந்து செயற்கை ரப்பர் பெருமளவில் எழுந்ததும் அப்போதுதான். போர் முடிந்ததும் இனி பால்மரத்துக்கு வேலையில்லை என்று பலர் ஆரூடம் சொன்னார்கள்.

அது பலிக்கவில்லை. காரணம் மிஷலின். 1946இல் காப்புரிமை பெற்று 1949இல் சந்தைக்கு வந்த ரேடியல் டயரில் உள் இழைகள் சாய்வாகப் பின்னாமல் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடும், பூவுக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டை சுற்றியிருக்கும். பக்கச்சுவர் வளைந்து கொடுக்க, பூ தரையில் அசையாமல் பதியும். பழைய டயரைப் போல இரண்டு மடங்கு ஓடியது. எஃகை விடாமல் பற்றிக்கொள்ளவும் வளைந்து வளைந்தும் சூடேறாமல் இருக்கவும் மரத்துப் பாலுக்கு இணை இல்லை. லாரி டயரில் இன்றும் அதன் பங்கு அதிகம். விமான டயர் ஏறக்குறைய முழுக்க அதுதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு டயர்த் தொழில் பள்ளத்தாக்குக்கே குடிவந்தது. எஃபிங்ஹாம் தோட்டத்துப் பால்மரங்கள் இருந்த மண்ணில் எழுந்தது பெட்டாலிங் ஜெயா. அங்கே 1960களின் முற்பகுதியில் டன்லப் ஆலை வந்தது. அது பிற்பாடு சைம் டார்பிக்கும், ஜெர்மனியின் கான்டினென்டலுக்கும் கைமாறியது. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் ஆனது, 1972இல் அங்கே குட்இயர் ஆலை ஓடத் தொடங்கியது. 1985இல் அதே ஷா ஆலமிலிருந்து புரோட்டோன் சாகா வெளிவந்தபோது, தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்த குடும்பங்களில் முதல் கார் என்பது கனவிலிருந்து தவணைக்கு இறங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் மரங்களும் இறங்குமுகம் காணத் தொடங்கின. 1988இல் 16 லட்சம் டன்னைத் தாண்டி உச்சம் தொட்ட மலேசிய ரப்பர் பிறகு ஏறவேயில்லை. செம்பனை வந்தது, வீட்டுமனை வந்தது, லயங்கள் இடிந்தன. எஞ்சிய பாலைவிடக் கையுறை ஆலைகளின் பசி பெரிதாகி, ரப்பர் நாடு ரப்பரை இறக்குமதி செய்கிறது.

மறுபடி கடை வாசலுக்கு வரலாம். மூன்று விலையில் எது மலிவு? கணக்குக்காக, 180 ரிங்கிட் டயர் 40,000 கிலோமீட்டர் ஓடினால் ஆயிரம் கிலோமீட்டருக்கு நாலரை ரிங்கிட். 260 ரிங்கிட் டயர் 65,000 ஓடினால் நான்கு ரிங்கிட். விலைச்சீட்டில் தோற்றது சாலையில் ஜெயிக்கிறது. பல டயர்களின் பக்கச்சுவரில் தேய்மான எண் ஒன்றும் இருக்கும், 200, 400 என்று. எண் பெரிதானால் ஆயுள் கூடுதல் என்பது பொது விதி. ஆனால் அந்தச் சோதனை ஓட்டம் நடப்பது டெக்சாஸ் மாநிலத்தின் வறண்ட சாலைகளில். சாயங்காலம் ஐந்து மணிக்கு மழை கொட்டும் கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளானுக்குத் திரும்புகிறவருக்குப் பூ நிலைப்பது மட்டும் போதாது, ஈரத்தில் பிடிக்கவும் வேண்டும். கல்லாக இறுகிய ரப்பர் நிறைய நாள் ஓடும், பிரேக் போட்ட பிறகும் ஓடும். செலுப் டயர், அதாவது மேல்தோல் மாற்றிய டயர், லாரிக்காரர்களுக்கு நியாயமான சிக்கனம். காருக்கு அந்த ஆசை வேண்டாம். பழைய டயர் வாங்குவதானால் பூவை மட்டும் தடவிப் பார்க்காமல் வயதையும் பார்க்க வேண்டும், ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் மூப்படையும்.

வயது பக்கச்சுவரிலேயே பொறித்திருக்கிறது. ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம்: முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2624 என்றால் 2024ஆம் ஆண்டின் 26ஆம் வாரம், ஜூன் மாதக் கடைசி. அந்த ஜூன் 30இல் ஷா ஆலம் குட்இயர் ஆலை மூடப்பட்டது, சுமார் 550 பேர் வேலை இழந்தார்கள். அதற்குப் பிந்தைய எண் பொறித்து அங்கிருந்து ஒரு டயரும் வெளிவந்ததில்லை.