சாவியும் தோல்வாரும்

ஸெர்வாண்டிஸின் 'டான் க்விக்ஸாட்' இரண்டாம் பாகத்தில் (1615) சான்சோ பான்ஸா ஒயினைப் பற்றி ஒரு கதை சொல்கிறான். இரவு, காடு. எஜமானர்கள் ஒருபுறம் தங்கள் காதல் துயரங்களைப் பரிமாறிக்கொண்டிருக்க, சேவகர்கள் இருவரும் சற்றுத் தள்ளி உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறார்கள். மற்றவன் நீட்டிய தோல்பையை வாயில் வைத்து, நட்சத்திரங்களைப் பார்த்தபடி கால்மணி நேரம் குடித்தபின் சான்சோ கேட்கிறான்: இது ஸியூதாத் ரேயால் ஊர்ச் சரக்குதானே? அதுவேதான், சில வருஷங்கள் பழையதும்கூட என்கிறான் மற்றவன். சான்சோவுக்குத் தலைகால் புரியவில்லை. இது தன் ரத்தத்தில் வந்த வித்தை என்கிறான். தகப்பன் வழி முன்னோர் இருவர். ஒயின் பார்த்துச் சொல்வதில் லா மாஞ்சாவில் அவர்களுக்கு நிகர் கிடையாது. ஒரு பீப்பாயிலிருந்து எடுத்துக் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார்கள். ஒருவர் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து இரும்பு ருசி என்றார். மற்றவர் மூக்கருகே கொண்டுபோனதோடு சரி. தோல் வாடை என்றார். பீப்பாய் சுத்தமானது என்று உடைமைக்காரன் சாதித்தான். ஒயின் விற்றுத் தீர்ந்து பீப்பாயைக் கழுவியபோது அடியில் ஒரு சின்னச் சாவி கிடந்தது, தோல்வாரில் கோத்தது.

1757-இல் டேவிட் ஹ்யூம் ரசனையின் அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரையில் இந்தக் கதையை எடுத்துக்கொண்டார். எடுத்தவர் சிலவற்றை மாற்றினார். ஹ்யூமிடம் இருவருமே குடித்துப் பார்க்கிறார்கள். தீர்ப்பைக் கேட்டு எல்லோரும் சிரிக்கிறார்கள். ஸெர்வாண்டிஸில் இந்தச் சிரிப்பு இல்லை. சான்சோ தானே ஊரைக் கண்டுபிடித்துச் சொன்ன விஷயம் ஹ்யூமிடம் விடுபட்டுவிட்டது. அவருக்கு வேண்டியிருந்தது பீப்பாயின் அடியில் கிடந்த சாவி. ரசனை அவரவர் மனசைப் பொறுத்தது என்று விட்டுவிட்டால் விமர்சனம் என்ற காரியமே இல்லை. வெளியே, பொருளில், ஏதாவது இருந்தாக வேண்டும். அதை உணர்வதற்கு நல்ல புத்தி, நுட்பமான உணர்வு, பழக்கம், ஒப்பிட்டுப் பார்த்தல், முன்முடிவு இல்லாமை ஆகிய ஐந்தும் உள்ளவன்தான் நல்ல நீதிபதி என்றார்.

இந்தக் கதையை நமக்குள் பலரும் கேள்விப்பட்டிருப்போம். நான் கவலைப்படுவது கதைக்குப் பிறகு நடந்ததைப் பற்றி. ஒயின் உலகத்தில் பீப்பாயை யாராவது காலிசெய்து பார்த்தார்களா? பார்த்தபோது சாவி கிடைத்ததா? மலிவான ஒயினைக் குடிக்கிறவனுக்கு இது சாவகாசமான கேள்வியில்லை. விலை உயர்ந்ததை வாங்குகிறவனுக்காக வேறு யாரோ ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. மலிவானதை வாங்குகிறவன் தன் நாக்கை மட்டும் நம்பியாக வேண்டியவன்.

நாக்குக்கு முன்பே விலை நீதிபதியாகிவிட்டது என்பதற்குச் சான்று பழையது. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பெய் நகரத்து மதுக்கடைச் சுவர் ஒன்றில் அந்தக் கடையின் விலை விவரம் இருக்கிறது. ஒரு ஆஸ் காசு கொடுத்தால் இங்கே குடிக்கலாம். இரண்டு கொடுத்தால் இன்னும் நல்லது. நாலு கொடுத்தால் ஃபலெர்னியன். முதல் விலைக்குக் குடிப்பு மட்டும். இரண்டாவதற்குத் தரம். மூன்றாவதற்கு வெறும் பெயர். பெயர் வந்ததும் தரத்தைச் சொல்லவேண்டிய அவசியம் போய்விடுகிறது.

அதே காலத்துச் சாடிகள் நம் கரைக்கும் வந்தன. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது மதுச்சாடி ஓடுகள் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த எலிசபெத் வில், பல ஓடுகள் கோஸ் தீவு மாதிரிச் சாடிகளுடையவை என்று அடையாளம் கண்டார். கோஸ் ஒயின் கடல்நீர் கலந்து செய்வது. அதைப் போலியாகத் தயாரிக்கும் முறையை கேட்டோ தம் விவசாய நூலில் எழுதியே வைத்திருக்கிறார். ஃபலெர்னியனோடு ஒரு வரிசையில் வைக்கத்தக்க சரக்கல்ல. ஆனால் புறநானூற்று 56-ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனிடம், யவனர் கொண்டுவந்த தேறலைப் பொற்கலத்தில் மகளிர் தர உண்டு மகிழும்படி சொல்கிறார். அந்தத் தேறலும் இந்தச் சாடியும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. கடல் தாண்டி வந்த எதுவும் பொற்கலத்துக்குத் தகுதி பெற்றுவிடுகிறது என்பதைத்தான் சொல்கிறேன். தூரமும் ஒரு விலைதான்.

நவீன காலத்தில் இது சட்டமாகவே ஆயிற்று. 1855-இல் பாரிஸில் பொருட்காட்சி. மூன்றாம் நெப்போலியன் ஆட்சி. போர்தோ வணிக சபை தங்கள் பிரதேசத்து ஒயின்களைத் தர வரிசைப்படுத்தித் தரும்படி தரகர்களைக் கேட்டது. இரண்டு வாரத்துக்குள் பட்டியல் வந்துவிட்டது. சிவப்பு ஒயின்களுக்கு ஐந்து வகுப்புகள்; முதல் வகுப்பில் லாஃபீத், லாத்தூர், மார்கோ, ஓ-ப்ரியான் என்று நாலு பெயர்கள். தரகர்கள் உட்கார்ந்து குடித்துப் பார்த்து நிர்ணயித்ததல்ல இது. நெடுங்காலமாகச் சந்தையில் எது என்ன விலைக்குப் போயிற்று என்ற கணக்கு. அதிக விலை போனது முதல் வகுப்பு. முதல் வகுப்பானதால் மேலும் அதிக விலை. இந்த வட்டத்துக்குள் பிறகு முக்கியமாக நேர்ந்த ஒரே மாறுதல் 1973-இல் மூத்தோன் ரோத்ஷீல்ட் இரண்டாம் வகுப்பிலிருந்து முதல் வகுப்புக்கு ஏறியது. தரகர்களைக் குறை சொல்லவும் முடியாது. தாங்கள் செய்வது விமர்சனம் என்று அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை. பிற்பாடு வந்தவர்கள்தான் அதை விமர்சனமாகப் படித்தார்கள்.

விலையிலிருந்து நாக்கைப் பிரித்தெடுக்க முதலில் கறாராக முயன்றவர்கள் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார். 1920 முதல் 1933 வரையிலான மதுவிலக்கு அமெரிக்காவில் ஒயின் செய்யும் கைப்பழக்கத்தையே சிதைத்திருந்தது. பழுதில்லாத ஒயின் என்றால் என்ன என்பதிலிருந்து சொல்லித்தர வேண்டியிருந்தது. மேனார்ட் அமெரைனும் அவருடைய சகாக்களும் 1959-இல் 20 மதிப்பெண் அட்டை ஒன்றை உருவாக்கினார்கள். தெளிவுக்கு 2, நிறத்துக்கு 2, வாசனைக்கு 4, வினிகர் வாடை இல்லாமலிருந்தால் 2 என்று போகும். 'பொதுத் தரம்' என்பதற்கு 2 மட்டுமே. நாம் எதை ரசனை என்று கொண்டாடுகிறோமோ அதற்குப் பத்தில் ஒரு பங்கு. மீதியில் பெரும்பகுதி குற்றம் பார்ப்பது. கவித்துவமில்லாத அட்டை. ஆனால் ஹ்யூமின் சாவியைத் தேடுகிறவனுக்கு உகந்த அட்டை. இரும்பும் தோலும் ஒயினின் அழகுகளல்ல, குற்றங்கள்தானே?

1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி, பெயரை மறைத்து ஊற்றி, ஒன்பது பிரெஞ்சு நடுவர்களைத் தீர்ப்புச் சொல்ல வைத்தார். சிவப்பில் கலிபோர்னியாவின் 1973 ஸ்டாக்ஸ் லீப், வெள்ளையில் 1973 மான்டெலீனா ஷார்டனே முதலிடம் பெற்றன. தோற்றவற்றில் மூத்தோனும் ஓ-ப்ரியானும் அடக்கம். அங்கிருந்த ஒரே பத்திரிகையாளர் ஜார்ஜ் டேபர். அவர் 'டைம்' இதழில் எழுதிய சிறு செய்தி போதுமானதாயிருந்தது. பெயர் மறைந்ததும் 1855 ஆட்டங்கண்டது.

ஆனால் காலியான பீடத்தில் உட்கார ஆள் காத்திருந்தது. 1978-இல் ராபர்ட் பார்க்கர் என்ற வக்கீல் ஒரு பத்திரிகை தொடங்கினார். விளம்பரம் கிடையாது, சந்தாதான். நம் பத்திரிகைகளின் ஜாதிதான் என்று வைத்துக்கொள்ளலாம். வியாபாரிக்குக் கடன்படாமல் குடிக்கிறவன் பக்கம் நின்று பேசுவதே நோக்கம். 50-இல் தொடங்கி 100-இல் முடியும் மதிப்பெண். 1982 போர்தோ அறுவடையைத் துணிந்து புகழ்ந்ததில் பெயர் நிலைத்தது. அதன்பின் நடந்தது தெரிந்ததே. அவருடைய மதிப்பெண்ணைப் பொறுத்து விலை ஏறி இறங்கிற்று. விலையை எதிர்த்துக் கிளம்பிய நாக்கே விலையாகிவிட்டது. ஒரு சிறு பத்திரிகையின் சுதந்திரமான அபிப்பிராயமும் ஸ்தாபனமாக இறுகிவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி பீப்பாயைக் காலிசெய்தவர்கள். 2001-இல் போர்தோவில் மோரோ, புரோஷே, டுபூர்தியே மூவரும் வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்து 54 மாணவர்களிடம் கொடுத்தார்கள். மாணவர்கள் அதன் வாசனையைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். (இதையே, பெரிய நிபுணர்கள் குடித்து ஏமாந்தார்கள் என்று ஊதிப் பெரிதாக்கிச் சொல்வதுண்டு. அவர்கள் ஒயின் பயிலும் மாணவர்கள், கேட்கப்பட்டது வாசனை.) 2008-இல் கலிபோர்னியாவில் ஒரே ஒயினை ஒருமுறை 5 டாலர் என்றும் ஒருமுறை 45 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்து, 20 பேருடைய மூளையின் இயக்கத்தைப் படமெடுத்தார்கள். விலை கூடியபோது அவர்கள் வாய்தான் புகழ்ந்தது என்பதில்லை. மூளையில் இன்பத்தோடு சம்பந்தப்பட்ட பகுதியும் கூடுதலாகக் கிளர்ந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. விலை உண்மையாகவே ருசித்தது. அதே ஆண்டு வெளிவந்த இன்னொரு ஆய்வு 6,000-க்கும் மேற்பட்ட மறைப்புச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. விலை தெரியாதபோது சாதாரணமாகக் குடிக்கிறவர்கள் விலை கூடியதைச் சற்றுக் குறைவாகவே விரும்பினார்கள்.

எல்லாவற்றையும்விடக் கடுமையானது ராபர்ட் ஹாட்ஜ்சனின் சோதனை. கடலியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். சிறிய அளவில் ஒயின் தயாரித்தவர். தம் ஒயினுக்கு ஒரு போட்டியில் தங்கமும் இன்னொன்றில் ஒன்றுமில்லாமலும் வந்ததில் குழம்பி, கலிபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியில் 2005 முதல் நாலு ஆண்டுகள் ஒரு பரீட்சை வைத்தார். நடுவர்களுக்கு வரும் கோப்பைகளில் ஒரே புட்டியிலிருந்து ஊற்றிய ஒயின் மூன்று முறை வரும். ஏறத்தாழ 10 சதவீத நடுவர்கள் மட்டுமே மூன்றுக்கும் ஒரே பதக்க வரம்புக்குள் மதிப்பெண் போட்டார்கள். இந்தப் பத்து சதவீதத்தையாவது ஹ்யூமின் நல்ல நீதிபதிகள் என்று தனியே பிரித்து வைக்கலாமா என்றால், ஒரு வருஷம் தேறியவர்கள் மறுவருஷம் சாதாரணமாகிவிட்டார்கள். 2009-இல் அவர் வெளியிட்ட இன்னொரு ஆய்வு 13 போட்டிகளை ஒப்பிட்டது. ஏதாவதொரு போட்டியில் தங்கம் வாங்கியவற்றில் 84 சதவீதம் வேறொரு போட்டியில் பரிசே பெறவில்லை.

மலிவு ஒயின் குடிக்கிறவர்கள் கைதட்டிய செய்தி இது. அவர்கள் இன்னொன்றுக்கும் கைதட்டியிருந்தார்கள். 2002-இலிருந்து டிரேடர் ஜோஸ் கடைகளில் சார்லஸ் ஷா என்ற ஒயின் 1 டாலர் 99 சென்ட்டுக்கு விற்றது. 'இரண்டு டாலர் சக்' என்பது செல்லப்பெயர். அதன் 2005 ஷார்டனே, 2007-இல் கலிபோர்னியாவின் மிகச் சிறந்த ஷார்டனே என்று இரட்டைத் தங்கம் வாங்கிற்று. எங்கே? அதே கலிபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியில். ஹாட்ஜ்சன் பரீட்சை வைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்.

இரண்டையும் ஒரே கையில் பிடிக்க முடியாது. நடுவர்களின் நாக்கு குருட்டுச்சீட்டு என்றால் அந்தத் தங்கமும் குருட்டுச்சீட்டில் விழுந்ததுதான். தங்கம் நியாயமானது என்றால் நாக்குக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. 'எல்லா ரசனையும் பம்மாத்து' என்று சிரிக்கிறவன் கலகக்காரனைப் போலத் தோன்றுகிறான். ஆனால் நாக்கைத் தள்ளிவைத்த இடத்தில் மிஞ்சுவது எது? 1855 தரகர்களின் விலைப்பட்டியல். சிரிப்பவன் அவனறியாமல் அதற்குத்தான் வழிவிடுகிறான். நம்மிடையே க.நா.சு. பட்டியல் போட்டபோது எழுந்த கூச்சல் நினைவுக்கு வருகிறது. பட்டியலே கூடாது என்றவர்களில் பலருக்கு வேறு பட்டியல் ஒன்று தயாராக இருந்தது: விற்பனை.

நானும் சோதித்துப் பார்த்தேன். மலிவான இரண்டு சிவப்பு ஒயின்கள், மூன்று எவர்சில்வர் டம்ளர்கள். இரண்டில் ஒன்று, மூன்றாவதில் மற்றது. நண்பர் அடுத்த அறையில் ஊற்றிக் கொண்டுவருவார். வேறுபட்டது எதுவென்று நான் சொல்ல வேண்டும். ஒன்பது தடவையில் நாலு சரி. கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலே மூன்று வந்திருக்கும். இந்த இரண்டைப் பற்றியும் அதற்கு முன்வாரம் அரைமணி நேரம் வித்தியாசம் பேசியிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் மூன்றாவதாகத் திறந்த ஒரு புட்டி புளித்துக் காடியாகியிருந்தது. அப்போது அறையில் இருந்த ஐந்து பேரும், ஒயினே குடித்துப் பழகாத ஒருவர் உட்பட, ஒரே சமயத்தில் டம்ளரைக் கீழே வைத்தோம். ஹாட்ஜ்சனும் இதைக் கண்டிருக்கிறார்: பிடித்ததில் தடுமாறிய நடுவர்கள் பிடிக்காததில் அவ்வளவாகத் தடுமாறவில்லை.

ஆகவே சாவி இருக்கிறது என்றே படுகிறது. ஹ்யூம் தவறியது வேறிடத்தில். நல்ல நீதிபதி என்பது ஒரு ஆள் என்று அவர் நினைத்தார். அது ஆளல்ல, ஒரு வேளை. இந்த மாலை, இந்த டம்ளரில், எனக்குத் தெரிந்தது. நாளைக்குத் தெரியாமல் போகலாம். நேற்றுச் சரியாகச் சொன்னதை வைத்து இன்றைக்குப் பட்டம் கட்டிக்கொள்ள முடியாது. நாளைக்கும் நண்பர் அடுத்த அறையில்தான் ஊற்ற வேண்டும். பெயரைப் பார்த்தபின் படிக்கத் தொடங்கும் நமக்கு, கவிதையிலும் இதைச் செய்துபார்க்கத் துணிவிருக்கிறதா என்று கேட்டுக்கொள்கிறேன்.

சான்சோவுக்கு இருந்தது. பை யாருடையது, விலை என்ன என்று அவன் கேட்கவில்லை. முதலில் குடித்தான். பிறகு ஊரைச் சொன்னான். முன்னோர்களைப் பற்றிய பெருமை அதற்குப் பின்னால்தான் வந்தது.