மிருதங்கமும் எண்வழி வடிப்பானும்

தோற்கருவியைத் தட்டினால் ஓசை எழும்; அவ்வோசை எல்லாம் சுருதியோடு சேர்வதில்லை. பறை முழக்கத்துக்கு இன்ன சுரம் என்று பெயர் சொல்வது அரிது. மிருதங்கத்தின் வலந்தலையோ தம்பூராவோடு இசைந்து ஒலிக்கிறது. இவ்வேறுபாட்டின் காரணத்தை ஆராய்ந்து உலகுக்கு அறிவித்தவர், அலுவல் நிமித்தம் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த ஒரு தமிழரே ஆவார்.

திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் 1888ஆம் ஆண்டு பிறந்த சர் சி. வி. இராமன், 1907இல் இந்திய அரசின் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா வந்தார். பௌபஜார் தெருவில், மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. அலுவலகத்துக்குச் செல்லுமுன்னும் அங்கிருந்து திரும்பிய பின்னும் இராமன் அக்கழகத்தில் ஆய்வு செய்தார். இசைக்கருவிகளின் ஒலியே அவரது முதற் காதலாயிற்று. 1917இல் அரசுப் பணியைத் துறந்து பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1920இல் எஸ். குமாருடன் இணைந்து, நம் தோற்கருவிகள் பற்றிய குறிப்பை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்.

அவர் கண்டது யாது? ஒரு சீராக இழுத்துக் கட்டிய வட்டத்தோலின் அடிப்படை அதிர்வை 1 என்று கொண்டால், உடன் எழும் அதிர்வுகள் 1.59, 2.14, 2.30, 2.65 எனச் சிதறி நிற்கும். நம் முன்னோர் வலந்தலையின் நடுவில் ‘சோறு’ என்னும் கருந்திட்டை அடுக்கடுக்காகப் பூசினர். அதன் எடையால் அதிர்வுகள் 1, 2, 3, 4, 5 என்ற முழு மடங்குகளில் அமைந்து, வீணை நரம்பின் இனிமையைப் பெறுகின்றன. 1934ஆம் ஆண்டுக் கட்டுரையில், தோலின் மீது மணலைத் தூவி இதனைக் கண்ணுக்கும் புலனாக்கினார் இராமன்.

இவ்வுண்மையை இன்று கணினித் திரையிலும் சோதிக்கலாம். மில்லர் பக்கெட் என்பார் 1990களில் உருவாக்கிய ‘பியூர் டேட்டா’ என்னும் இலவச மென்பொருளில், கட்டளை வரிகளை எழுதுவதற்குப் பதிலாகச் சிறு பெட்டிகளைக் கோடுகளால் இணைக்கிறோம். ஒலி அங்கே எண்களின் வரிசையாகிறது. குறுந்தட்டில் வினாடிக்கு 44,100 எண்கள். அடுத்தடுத்த இரண்டு எண்களின் சராசரியை எடுத்தால் கீச்சொலி மங்கும். கனத்த ஒலி தங்கும். மிக எளிய வடிப்பான் இதுவே. முன்பு வெளிவந்த இரண்டு எண்களில் தக்க பங்கை மீண்டும் உள்ளே செலுத்தினாலோ, வடிப்பான் ஒரே அதிர்வெண்ணில் மணிபோல் ரீங்கரிக்கும்.

இத்தகைய வடிப்பான்கள் ஐந்தை 150, 239, 320, 344, 398 என்ற அதிர்வெண்களில் நிறுத்தி, ஒரு சிறு சொடுக்கொலியை அவற்றுள் செலுத்துவோம். வெறுந்தோலின் சுரமற்ற முழக்கம் கேட்கும். பின்னர் அவ்வெண்களை 150, 300, 450, 600, 750 என மாற்றுவோம். அதே சொடுக்கு, பாடுவதற்குரிய சுரமாக எழும்! எண்களைத் தவிர வேறொன்றும் மாறவில்லை என்பதைச் செவியே சான்று கூறும்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நாம் இங்கே ஒரு சொல்லையும் எண்ணிப் பார்க்கிறோம். கஞ்சியை வடிப்பது நீக்குதல். சிலையை வடிப்பது உருவாக்குதல். வடிப்பான் இவ்விரண்டையும் செய்கிறது. வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு, அறிவியல் ஆங்கிலத்துக்கே உரியது என்றும், மிருதங்கம் விழா மேடைக்கே உரியது என்றும் தோன்றிவிடுகிறது. அவர்களைக் கணினிமுன் அமர்த்தி, இவ்வைந்து பெட்டிகளையும் இணைக்கச் செய்து, தமிழிலேயே விளக்குவோமாக. கருவி செய்த கைவினைஞர்களின் பெயர்களை வரலாறு குறித்து வைக்கவில்லை. அவர்தம் செவி அறிந்த கணக்கையேனும் அடுத்த தலைமுறை அறியட்டும்.