சாம்பல் தட்டு காலம்

புகையை விட்டொழித்த பழைய சகாக்கள் நாங்கள் கூடினால், பேச்சு நுரையீரலைப் பற்றி இராது. ஓட்டை விழுந்த சட்டைகள், ஐப்பசி மழையில் நமுத்துப்போன தீப்பெட்டிகள் பற்றித்தான்.

1560-இல் லிஸ்பனிலிருந்து பிரெஞ்சு அரசவைக்குப் புகையிலை அனுப்பிய தூதர் ழான் நிக்கோ. நிகோட்டின் என்ற சொல்லே அவர் பெயரிலிருந்து வந்ததுதான். புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்த எங்களுக்கு அதில் ஒரு பெருமை வேறு!

அலுவலகத்தில் மேசைக்கு மேசை சாம்பல் தட்டு. ஒருமுறை மூத்த எழுத்தர் ஒருவரின் சிகரெட் நெருப்பு, ஒரு பியூனின் பணிப்பதிவேட்டில் பிறந்த தேதியைத் தின்றுவிட்டது. பாவம், ஓய்வூதியத்துக்காக அவர் பிறப்புப் பதிவின் நகல் தேடி மாதக்கணக்கில் அலைந்தார். சுட்டவரை ஒருவரும் கேட்கவில்லை.

2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை வந்தது. சாம்பல் தட்டுகளில் குண்டூசி குடியேறியது.