ராயல் வீதியின் பேய் வீடு

பேய் வீடு இல்லாத ஊர் உண்டோ? பூட்டிக் கிடக்கும் பங்களா, பாழுங்கிணறு, ஒற்றைப் புளியமரம் என்று ஊருக்கு ஊர் ஒரு கதை இருக்கும். இரவு ஆராதனை முடிந்து வீடு திரும்பும் சிறுவர்கள் அந்தப் பக்கம் வந்ததும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஓட்டம் பிடிப்பதை நாமும் பார்த்திருக்கிறோம். ஜூபிலி மலரில் பேய்க் கதைக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். நாம் சொல்லப் புகுவது கடல் கடந்த ஒரு கத்தோலிக்க நகரத்தின் வரலாறு. அதில் பேயைவிட மனிதரே அதிகம் வருகின்றனர். கோவில் பதிவேடு ஒன்றும் வருகிறது.

மிசிசிப்பி ஆற்றங்கரையில் 1718-ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் நிறுவிய நகரம் நியூ ஆர்லியன்ஸ். நமக்கு முற்றிலும் அந்நியமான ஊர் என்று நினைக்க வேண்டாம். 1719 முதல் 1731 வரை அந்த லூயிசியானா நாட்டையும் நமது புதுச்சேரியையும் ஒரே பிரெஞ்சுக் கம்பெனிதான் நிர்வகித்து வந்தது. பின்னர் அந்நகரம் ஸ்பெயினின் கைக்குப் போயிற்று. 1803-இல் அமெரிக்க ஐக்கிய நாடுகள் அதை விலைக்கு வாங்கிக்கொண்டன. ஆட்சிகள் மாறினவேயன்றி, புனித லூயி பேராலயத்து மணியோசைக்குள் வாழ்ந்த மக்கள் கத்தோலிக்கராகவே இருந்தனர். அடிமை முறையும் அப்படியே இருந்தது.

1724-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசன் லூயிசியானாவுக்கென்று விதித்த அடிமைச் சட்டம் ஒன்று உண்டு. அடிமைகளுக்கு ஞானஸ்நானமும் ஞானோபதேசமும் கொடுக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையில் வேலை வாங்கக்கூடாது என்று அது கட்டளையிட்டது. எஜமானன் சங்கிலியிடலாம், சவுக்கால் அடிக்கலாம். ஆனால் சித்திரவதை செய்யவோ அங்கத்தைச் சிதைக்கவோ கூடாது என்றும் சொல்லிற்று. அடிப்பதற்கு அனுமதியும் வதைப்பதற்குத் தடையும் ஒரே ஏட்டில்! பூட்டிய கதவுக்குப் பின்னால் இவ்விரண்டுக்கும் இடையே கோடு கிழிப்பவர் யார் என்று சட்டம் கேட்கவில்லை.

இந்நகரத்தில் 1787-இல் பிறந்தவள் மரி டெல்ஃபின் மக்கார்த்தி. அயர்லாந்திலிருந்து வந்த குடும்பம்; செல்வமும் அதிகாரத் தொடர்பும் மிகுந்தது. ஸ்பானிய அதிகாரி ஒருவரை 1800-இல் பேராலயத்தில் மணந்தாள். அவர் இறந்தபின் 1808-இல் ழான் பிளாங்க் என்ற வணிகரை மணந்து, அவரையும் இழந்தாள். மூன்றாவதாக, தன்னைவிட வயதில் மிக இளையவரான லலோரி என்ற மருத்துவரை மணந்தாள். 1831-இல் ராயல் வீதியில் மனை வாங்கி, அதில் அடுத்த ஆண்டே இரண்டு அடுக்கு மாளிகை அமைத்துக் குடிபுகுந்தாள். பின்கட்டில் அடிமைகளின் குடியிருப்பு. அங்கிருந்து அடுத்த வீதிக்குப் போனால் உர்சலைன் கன்னியரின் பழைய மடம்.

வெளிப் பார்வைக்கு மேடம் லலோரி இனிய சீமாட்டி. பொது இடத்தில் கறுப்பின மக்களிடம் மரியாதையாகவே பேசுவாளாம். 1819-இலும் 1832-இலும் ஒவ்வோர் அடிமைக்கு விடுதலை கொடுத்திருக்கிறாள் என்பதற்கும் நீதிமன்றப் பத்திரம் உண்டு. ஆனால் அவள் வீட்டு அடிமைகள் எலும்பும் தோலுமாக இருக்கிறார்கள் என்று ஊரார் முணுமுணுத்தனர். அமெரிக்காவில் பயணம் செய்த ஆங்கில எழுத்தாளர் ஹாரியட் மார்ட்டினோ அம்மையார் 1838-இல் வெளியிட்ட நூலில், அயல்வீட்டார் சொன்னதாக ஒரு செய்தியை எழுதுகிறார். சவுக்குடன் துரத்திய எஜமானிக்குப் பயந்து எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கூரை வரை ஓடி, முற்றத்தில் விழுந்து மாண்டாள். இரவில் புதைத்துவிட்டனர் என்பது அச்செய்தி. வழக்கு நடந்து அடிமைகள் பறிமுதல் செய்யப்பட்டார்களாம். உறவினர் மூலம் அவர்களை மறுபடி விலைக்கு வாங்கிக்கொண்டாளாம் அம்மாது.

1834 ஏப்ரல் 10-ஆம் நாள் அவ்வீட்டுச் சமையற்கட்டில் தீப்பிடித்தது. உள்ளே எழுபது வயது மதிக்கத்தக்க சமையற்காரி, கணுக்காலில் பூட்டிய சங்கிலியுடன் அடுப்போடு பிணைக்கப்பட்டிருந்தாள். தீயை வைத்தவளும் அவளே. மேல் அறைக்குக் கொண்டுபோவார்கள் என்ற அச்சத்தால், அதற்கு வெந்து சாவதே மேல் என்று துணிந்ததாக அவள் பின்னர் கூறினாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பின்கட்டுச் சாவியைக் கேட்டபோது வீட்டார் கொடுக்க மறுத்தனர். நீதிபதி கனோழ் என்பவரும் அங்கே இருந்தார். சிலருக்குத் தங்கள் வீட்டில் இருக்கத் தெரியவில்லை, பிறர் வீட்டுக்கு வந்து சட்டம் பேசுகிறார்கள் என்ற பொருளில் மருத்துவர் லலோரி அவரிடம் எரிந்து விழுந்தார். மக்கள் கதவை உடைத்தனர்.

உள்ளே ஏழு பேர் இருந்தனர். கழுத்தில் இரும்பு வளையம் பூட்டிய பெண்ணொருத்தியையும், தலையில் ஆழ்ந்த புண்ணுடன் நடக்கவும் சக்தியற்றுக் கிடந்த கிழவியையும் தாம் கண்டதாக நீதிபதி வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார். எழுவரையும் நகரச் சிறைக்குக் கொண்டுபோய் வைத்தனர். குற்றம் செய்யாதவருக்கு அடைக்கலம் சிறைதான்! அவர்களைப் பார்க்க இரண்டு நாளில் நாலாயிரம் பேர் வந்துபோனதாக அந்நாள் செய்தித்தாள் கூறுகிறது. சினங்கொண்ட கூட்டம் மாளிகைக்குள் புகுந்து கண்ணாடி, கட்டில், மாடிப்படி என்று எதையும் விடாமல் நொறுக்கியது. சுவர்கள் மட்டுமே எஞ்சின. எஜமானியோ அதற்குள் வண்டியேறி ஏரிப் பக்கம் தப்பி, கப்பல் மூலம் மொபீல் துறைமுகம் சேர்ந்து, அங்கிருந்து பாரிசுக்குப் போய்விட்டாள். விசாரணை இல்லை, தண்டனை இல்லை. 1849-இல் பாரிசில் இறந்தாள்.

இனிப் பேய்க் கதை. இடிந்து கிடந்த வீட்டில் இரவில் சங்கிலிச் சத்தம் கேட்கிறது, சிறுமி ஒருத்தி கூரையில் ஓடுகிறாள் என்று பேசத் தொடங்கினர். ஜார்ஜ் கேபிள் என்ற எழுத்தாளர் 1889-இல் இவ்வீட்டின் கதையை நூலில் சேர்த்தார். 1946-இல் வெளிவந்த மற்றொரு கதை நூல், கண்ணைத் தோண்டியதாகவும் இன்னும் சொல்லக் கூசும் பலவற்றையும் சேர்த்து எழுதிற்று. இவற்றுக்கெல்லாம் 1834-ஆம் ஆண்டின் சாட்சியத்தில் ஆதாரமில்லை. இன்று சுற்றுலாக் கூட்டம் நின்று அண்ணாந்து பார்க்கும் மூன்றாவது மாடி மேடம் லலோரியின் காலத்தில் கிடையாது. கொள்ளை போன வீட்டை வேறொருவர் வாங்கித் திருப்பிக் கட்டினார். மேல் அடுக்கு பிற்காலத்தது. ஆக, ஆவி நடமாடுவதாகச் சொல்லும் அந்த மாடியில் எந்த அடிமையும் அடைபட்டிருக்கவில்லை.

அதே கட்டடத்தில் உள்நாட்டுப் போருக்குப் பின் பெண்கள் பள்ளி நடந்தது. வெள்ளை, கறுப்பு இனப் பிள்ளைகள் சேர்ந்து படித்தனர். 1874-இல் வெள்ளையர் சங்கம் ஒன்றின் ஆட்கள் உள்ளே புகுந்து, மாணவிகளை வரிசையில் நிறுத்தி, நிறம் பார்த்துப் பிரித்து வெளியேற்றினர். நம்மைக் கேட்டால், அவ்வீட்டில் 1834-க்குப் பின் நடந்தவற்றுள் மெய்யாகவே அச்சம் தருவது இதுதான். பின்பு அது இசைப்பள்ளியாகவும் மதுக்கடையாகவும் ஆதரவற்ற இளைஞர் விடுதியாகவும் இருந்து, 2007-இல் ஒரு ஹாலிவுட் நடிகர் கைக்கு வந்து, 2009-இல் ஏலத்துக்கும் போயிற்று.

திருச்சபை அப்போது என்ன செய்தது என்ற கேள்வியை நாம் தாண்டிப் போகலாகாது. உர்சலைன் மடத்தாரும் அடிமைகளை வைத்திருந்தனர். திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் அடிமை வாணிபத்தைக் கண்டித்துத் திருமடல் விடுத்தது 1839 டிசம்பர் 3-ஆம் நாள். ராயல் வீதித் தீக்கு ஐந்து ஆண்டுகள் கழித்து. ஆனால் அதே நகரத்தில், அத்தீயின்போது இருபது வயதைக் கடந்திருந்த ஹென்றியெட் தெலீல் என்ற கறுப்பினப் பெண், அடிமைகளுக்கு ஞானோபதேசம் சொல்லி, திக்கற்ற முதியோரைப் பேணி, 1842-இல் திருக்குடும்பக் கன்னியர் சபைக்கு அடிகோலினார். 2010-இல் வணக்கத்துக்குரியவர் என்று திருச்சபை அவரை அறிவித்தது. 2025 மே 8-ஆம் நாள் தெரிந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை பதினான்காம் லியோவின் தாய்வழிப் பாட்டனாரும் பாட்டியாரும் இந்நகரத்துக் கறுப்பினக் கத்தோலிக்கரே என்பது குடிமதிப்புப் பதிவுகளால் தெரிய வந்தது.

பதிவு என்றதும் நாம் தொடக்கத்தில் சொன்ன பதிவேட்டுக்கு வருகிறோம். இந்த மலருக்காக நமது பங்கின் பழைய ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகளைப் புரட்டியபோது, கரையான் தின்றது போக எஞ்சிய பெயர்களே நமக்கு வரலாறாக நின்றன. அங்கும் அப்படித்தான். கரோலின் மாரோ லாங் என்ற வரலாற்று ஆசிரியர் 2012-இல் எழுதிய நூலுக்காகப் பத்திரங்களையும் அடக்கப் பதிவேடுகளையும் ஆராய்ந்தார். 1830 முதல் 1834 வரை மேடம் லலோரியின் அடிமைகளில் பன்னிருவர் இறந்திருக்கின்றனர். மரணத்தின் காரணம் எழுதப்படவில்லை. 1832-லும் அடுத்த ஆண்டும் நகரில் வாந்திபேதி வாரிக்கொண்டு போனது உண்மை. அதையும் எண்ணிப் பார்க்க வேண்டியதே. ஆயினும் ஒரு வீட்டுக்குப் பன்னிரண்டு அதிகம்.

அவர்களில் ஐவர் ஒரே குடும்பத்தார். 1831-இல் ஃபுளோரன்ஸ், வயது பத்து. அதே ஆண்டில் லெயோந்தின், வயது இரண்டு. 1833-இல் ழூலியெத், வயது பதின்மூன்று. ழூல், வயது ஆறு. அதே ஆண்டில் இப்பிள்ளைகளின் தாயும் அவ்வீட்டின் சமையற்காரியும் சலவைக்காரியுமாயிருந்த போன், வயது முப்பது.