வாக்காளர் அடையாள வரலாறு

ஒருவன் பொருளைப் பிறன் கவர்தல் களவெனின், ஒருவன் வாக்கைப் பிறன் அளித்தலும் களவேயாம். களவுபோன பொருள் ஒருகால் மீளவும் கூடும். களவுபோன வாக்கோ ஏனைய வாக்குக்களோடு கலந்துவிடுதலின் பிரித்தெடுத்தற்கு அரிது. ஆதலின், வாக்களிக்க வருவார் இன்னாரெனத் தெளிதற்கு நம் நாட்டிற் கண்ட வழிகளை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் (919, 921) குடவோலை முறையை விளக்குகின்றன. ஆண்டு ஓலையில் எழுதப்பட்டது தெரிவுக்குரியார் பெயரே. அதனைக் குடத்தினின்றும் எடுத்தவன் ஒரு சிறுவன். ஒருவரையொருவர் அறிந்த ஊரவைக்கு அம்முறை அமைவதாயிற்று. கோடிக்கணக்கானோர் வாக்களிக்குங் காலத்து அது செல்லாதன்றோ?

1951-52இல் நிகழ்ந்த முதற் பொதுத்தேர்தலில் வாக்காளர் தொகை 17 கோடிக்கு மேற்பட்டது. சுகுமார் சென் என்பார் தலைமை ஆணையராயிருந்து அதனை நடத்தினார். பட்டியல் எழுதுங்கால், பெண்டிர் பலர் தம் பெயர் கூற நாணி, இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே உரைத்தனர். அங்ஙனம் பெயர் கூறாத ஏறத்தாழ 28 இலட்சம் பெண்டிர் பட்டியலினின்றும் விடப்பட்டனர். கள்வர் எவரும் வாராமலே அவர்தம் வாக்கு ஒழிந்தது. அத்தேர்தலில் விரலில் இட்ட அழியா மையும் ஒருவர் இருமுறை வாக்களித்தலைத் தடுத்ததேயன்றி, வந்தவர் இன்னாரென்று உரைக்கவில்லை.

பின்னர், 1960இல் கல்கத்தா தென்மேற்குத் தொகுதியில் நிழற்படச் சீட்டு வழங்க முயன்றனர். பத்துத் திங்கள் உழைத்தும், ஏறத்தாழ 3.4 இலட்சம் வாக்காளருள் 2.1 இலட்சம் பேர்க்கே படம் எடுக்கலாயிற்று. பெண்டிர் பலர் படமெடுக்க இசைந்திலர்; வேறு பலர் இல்லத்தில் அகப்பட்டிலர். சீட்டின்றி வாக்கில்லை என அன்றே விதித்திருப்பின், மெய்யான வாக்காளர் எத்துணையர் திரும்பியிருப்பர்! நாடெங்கும் நிழற்பட அடையாள அட்டை வழங்கும் ஆணையைத் தலைமை ஆணையர் தி. ந. சேஷன் 1993இல் பிறப்பித்தார்.

அட்டை வறியார்க்குச் சுமையென்பாரும் உளர். அதன் பொருட்டே, கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், ஆதார் முதலிய பிற சான்றுகளையும் தேர்தல் ஆணையம் ஏற்கின்றது. தம் பெயரால் முன்னரே பிறர் வாக்களித்துவிடினும், உரியவர் தம்மை மெய்ப்பித்துத் தனிவாக்குச் சீட்டுப் பெறலாம். கள்வனை விலக்கி உடையவனை விலக்காமையே நல்ல காவலுக்கு இலக்கணம்.

ஆயினும், பட்டியலிற் பெயரில்லார்க்கு அட்டை இருந்தும் பயனில்லை. ஆதலின், நம் சங்கத்து அன்பர்கள் தேர்தல் நாள் வருமுன்னரே பட்டியலை நோக்குவாராக. தம் பெயரோடு அமையாது, தாயர், மனைவியர், மகளிர் பெயர்களும் பிழையின்றி உளவோ என ஆராய்தல் கடனாகும். பெயரிழந்த அவ் 28 இலட்சம் பெண்டிர் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே.