அம்மைப்பால் யார் கையில் ஊறியது?

அம்மை குத்த வந்த கதையை நமக்கு எப்போதும் ஒரே மாதிரித்தான் சொல்லி வந்திருக்கிறார்கள். ஜென்னர் என்றொரு வெள்ளைக்கார வைத்தியர் கண்டுபிடித்தார். நம்ம நாட்டுச் சனங்கள் மூடநம்பிக்கையால் பிள்ளைகளை ஒளித்து வைத்தார்கள். பிறகு மெல்லத் திருந்தினார்கள். எந்தச் சனங்கள் என்ற கேள்வியே இதில் கிடையாது. பிள்ளையை ஒளித்து வைத்தவர்களைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஒளித்து வைக்க முடியாமல் போனவர்களைப் பற்றி?

ஜென்னர் 1796-இல் முதன்முதலாகக் குத்தியது தன் தோட்டக்காரரின் மகனுக்கு. எட்டு வயசுப் பையன், ஜேம்ஸ் ஃபிப்ஸ். மாட்டம்மை கண்ட ஒரு பால்காரப் பெண்ணின் கைக் கொப்புளத்திலிருந்து எடுத்து அவனுக்கு ஏற்றினார். சில வாரம் கழித்துப் பெரியம்மைச் சீழையே ஏற்றிப் பார்த்தார். பையன் பிழைத்தான், சோதனை ஜெயித்தது, நல்லது. ஆனால் எசமான் கேட்டால் தோட்டக்காரன் முடியாதென்றா சொல்வான்?

அந்தக் காலத்து அம்மைப்பால் புட்டியில் அடைத்து வரும் சரக்கல்ல. நூலில் நனைத்துக் காயவைத்தாலும் கண்ணாடிச் சில்லுக்குள் வைத்தாலும் நம்ம வெயிலுக்கு வீரியம் போய்விடும். அதற்குப் பத்திரமான இடம் உயிருள்ள பிள்ளையின் கைதான். குத்தி எட்டாம் நாள் வாக்கில் கொப்புளம் திரண்டு நிற்கும். அதைக் கீறி வடிகிற நீரை அடுத்த பிள்ளையின் கையில் ஏற்ற வேண்டும். அது திரண்டதும் அடுத்த பிள்ளை. சங்கிலி ஓரிடத்தில் அறுந்தால் மருந்தே இல்லை. 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயசுக் குழந்தைக்குக் குத்தினார்கள். அந்தச் சரக்கு பாஸ்ராவிலிருந்து வந்தது. அவள் கையிலிருந்து கைமாறிக் கைமாறித்தான் அது மற்ற ஊர்களுக்கும் மதராசுக்கும் பரவியது. ஸ்பெயின்காரர்கள் 1803-இல் அமெரிக்காவுக்கு அம்மைப்பால் கொண்டுபோக 22 அநாதைப் பையன்களைக் கப்பலில் ஏற்றினார்கள். கேட்க அப்பன் ஆத்தாள் இல்லாத பிள்ளைகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள்.

இங்கே அநாதையைத் தேட வேண்டிய அவசியம் என்ன? சேரி இருக்கிறதே. காலனிய மருத்துவ ஆவணங்களைப் படித்த டேவிட் அர்னால்டு போன்ற வரலாற்றாசிரியர்கள் இதைக் குறித்திருக்கிறார்கள். பால் எடுக்கக் கிடைத்த பிள்ளைகள் பெரும்பாலும் கீழ்சாதி, தீண்டப்படாத சாதிப் பிள்ளைகள். தாய்க்குக் கொஞ்சம் காசு கொடுத்துப் பிள்ளையோடு ஊர் ஊராகக் கூட்டிப்போவதும் நடந்தது. ஆறின புண்ணைக் கீறுவதல்ல இது. காய்ச்சலில் கிடக்கிற கைப்பிள்ளையின் பழுத்த கொப்புளத்தைக் கீறுவது. அந்தத் தாய் பயந்தாள் என்றால் அது மூடத்தனமா? 1861-இல் இத்தாலியின் ரிவால்டா என்ற ஊரில், கைக்குக் கை ஏற்றியதில் ஒரு பிள்ளையிடமிருந்த மேகநோய் பல பிள்ளைகளுக்குத் தொற்றியது. வைத்திய உலகமே அதிர்ந்து போனது. நம்ம ஆத்தாக்களுக்கு ரிவால்டா தெரியாது. ஒருத்தர் ரத்தத்தில் இருப்பது அடுத்தவருக்குப் போகும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

மேல்சாதிக்காரர்களும் மறுத்தார்கள். அவர்கள் மறுத்த காரணம் வேறு. பறப்பிள்ளை கையில் ஊறியது என் பிள்ளை உடம்பில் ஏறுவதா என்ற தீட்டுக் கணக்கு. இந்த இரண்டு மறுப்பையும் 'சுதேசிகளின் மூடநம்பிக்கை' என்று ஒரே பெட்டியில் போட்டு மூடிவிட்டார்கள். ஆனால் அரசாங்கம் இறங்கிவந்து சமாதானம் பேசியது யாரிடம் என்று பாருங்கள்.

மதராஸ் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை, திருக்குறளை மொழிபெயர்த்தவர், அம்மன் தன்வந்திரிக்கு உபதேசிப்பது மாதிரி தமிழில் ஒரு கதை கட்டினார். பசுவின் மடியில் வருகிற இந்த அம்மையும் தெய்வ வரம்தான், ஏற்றுக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். 1819 ஜனவரியில் 'மெட்ராஸ் கூரியர்' பத்திரிகையில் 'கல்வி விரும்பன்' என்ற பெயரில் ஒரு கடிதம் வந்தது. தன்வந்திரி எழுதிய பழைய சமஸ்கிருத நூலிலேயே இந்த அம்மை குத்தும் முறை இருக்கிறது என்று அதில் சுலோகத்தோடு போட்டிருந்தார்கள். அப்படி ஒரு பழைய நூலை இன்றுவரை யாரும் காட்டவில்லை. (எல்லாம் வேதத்திலேயே இருக்கிறது என்று பேசுகிறவர்கள் இதை இன்னமும் எடுத்து வீசிக்கொண்டிருக்கிறார்கள்.) பார்ப்பனர் மனம் கோணாமல் இருக்கப் பொய்ச் சாஸ்திரமே தயாரானது. சேரித் தாயைச் சமாதானம் செய்ய ஒரு பொய்யைக்கூட யாரும் சிரமப்பட்டு எழுதவில்லை.

மாரியம்மன் கதை நினைவுக்கு வராமல் இல்லை. பரசுராமன் வெட்டிய ரேணுகாவின் தலை சேரிப் பெண்ணின் உடம்பில் ஒட்டி மாரியானாள் என்பார்கள். தலை கும்பிடக் கிடைத்தது. உடம்பு யாருடையது என்பதைப் பூசாரி சொல்வதில்லை.

சட்டத்துக்கு வருவோம். 1880-இல் இந்தியாவில் அம்மை குத்தல் சட்டம் வந்தது. சட்டம் செல்லுபடியாகிற நகரங்களில் பிள்ளைக்குக் குத்தாத பெற்றோருக்குத் தண்டனை. இங்கிலாந்திலும் அபராதமும் சிறையும் இருந்தன. அங்கே தொழிலாளிகள் தெருவில் இறங்கினார்கள். 1898-இல் அந்த நாட்டுச் சட்டம், மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை என்று சொல்லும் பெற்றோருக்கு விலக்குக் கொடுத்தது. கைக்குக் கை ஏற்றுவதையும் நிறுத்தியது. மனச்சாட்சி என்ற ஒன்று அங்கே கூலிக்காரனுக்கும் இருந்தது. இங்கே அந்தப் பேச்சே எழவில்லை.

கன்றுக்குட்டியின் வயிற்றைக் கீறி அம்மைப்பால் எடுக்கும் முறை வந்தபின்தான் பிள்ளைகளின் கை தப்பியது. கிண்டியில் 1905-இல் திறந்த கிங் நிலையம் முதலில் ஏற்பட்டதே இதற்காகத்தான். கன்றைக் கீறலாமா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. காந்தியார் 1913-இல் 'இந்தியன் ஒப்பீனியனில்' எழுதிய உடல்நலத் தொடரில் அம்மை குத்துவதை அசுத்தம், மதவிரோதம் என்றார். ஒரு பாவமும் செய்யாத பிராணியின் விஷ ரத்தத்தை ஏற்றுவது என்றார். ஒரு நூற்றாண்டாகக் கீறுபட்ட பிள்ளைகள் அந்தக் கணக்கில் வரவில்லை.

ஊசி வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பெரியம்மை செத்தது ஊசியால்தான்; 1975-க்குப் பிறகு இந்த மண்ணில் அது இல்லை. அம்மையில் முதலில் செத்தவர்கள் நம்ம பிள்ளைகள்தான். ஊசி நம்ம தெருவுக்கு முதலில் வர வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் நம்மிடம் கேட்டுவிட்டு வர வேண்டும். கேட்காமல் எடுப்பது கன்றுக்குட்டி வந்ததும் நின்றது. கேட்காமல் போடுவது நிற்கவில்லை.

2009-இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில் 10 முதல் 14 வயதுவரை உள்ள சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டார்கள். பாத் என்ற அமெரிக்க அமைப்பும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய திட்டம். நல்ல ஊசிதான், அந்த நோயில் சாவது பெரும்பாலும் ஏழைப் பெண்கள். போட்டுக்கொண்டவர்களில் நிறையப் பேர் பழங்குடிப் பிள்ளைகள், அரசு விடுதியில் தங்கிப் படித்தவர்கள். சில பிள்ளைகள் இறந்ததும் 2010-இல் திட்டத்தை நிறுத்தினார்கள். சாவுக்கு ஊசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றது விசாரணைக் குழு. இருக்கட்டும். பெற்றோர் சம்மதம் என்று வைத்திருந்த காகிதங்களைப் பற்றி 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு எழுதியிருக்கிறது. ஆந்திரத்தில் பார்த்த 9,543 படிவங்களில் 1,948 கைநாட்டு. 2,763 படிவங்களில் கையெழுத்துப் போட்டிருந்தது விடுதிக் காப்பாளர்கள். பலவற்றில் சாட்சிக் கையெழுத்தே இல்லை.